இடது பக்கத்து வெட்டு

அவருக்கு விடை தெரியும், ஆனால் சொல்லமாட்டார். இந்த ஒரு குணத்தோடு ஆறு வருடம் ஒரே அறையில் குப்பை கொட்டியவன் நான். கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மேடேறுகிற ஒரு சந்து. அதில் ஒரு மாடி அறை. பாதி அறையில் என்னுடைய போட்டோகொப்பி மெஷினும் லெமினேட்டிங்கும் டைப்பிங்கும். மறு பாதியில் அவருடைய கணினி திருத்தும் மேசை. நடுவில் ஓர் அலுமாரி. எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் அந்த அலுமாரிதான் சுவர்.

பெயரை எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கீழே ஆட்டோ பார்க்கில் நிற்கும் முஸ்லிம் இளைஞர்கள் அவரை ‘ராத்தா’ என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கு ராத்தா என்றால் அக்கா. கொஞ்ச நாளில் சந்து முழுவதும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டது. ஹேவாஹெட்ட தோட்டத்திலிருந்து வந்த நானும் சொன்னேன். அவரைவிடப் பத்து வயது மூத்த, ஆட்டோ ஓட்டும் செபஸ்டியன் அண்ணனும் சொன்னார். ராத்தா தெல்தெனியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, வெளிர் நிற ஸ்கார்ஃபின் முனையை ஒரு தரம் சரிசெய்துகொண்டு மேசையில் உட்கார்ந்தாரென்றால் மணி எட்டரை. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

யாராவது லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “இது ஓன் ஆகுதில்ல” என்பார்கள். நானாக இருந்தால் வாங்கிப் பார்ப்பேன். ராத்தா வாங்கமாட்டார்.

“என்னத்துக்கு ஓன் ஆகுதில்லண்டு நீங்க நெனக்கிறீங்க?”

“எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க வாறேன்?”

“சரி, கடைசியா எப்ப ஓன் ஆகிச்சு? அதுக்குப் பிறகு என்ன செஞ்சீங்க?”

இப்படியே போகும். கடைசியில் அந்த மனிதரே சார்ஜர் வயரை வளைத்துப் பார்த்து, “அட, இதுல வெட்டிருக்கு” என்பார். ராத்தாவின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அவரே ஏதோ பரிசு வாங்கியதைப் போல. அந்த வயரில் வெட்டு இருப்பதை அவர் ஆள் கதவுக்குள் நுழையும்போதே பார்த்திருப்பார். சிலர் திட்டிக்கொண்டு போனார்கள். சிலர் அதன் பிறகு வேறு கடைக்கே போகவில்லை.

ஆனால் இந்தக் குணத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஒரு முறை, எங்கள் கோவிலுக்கு வருகிற ஒரு குடும்பத்துக்கு முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி அட்டை அடித்தேன். இருநூற்றைம்பது அட்டை. எல்லாவற்றையும் அடித்து, வெட்டி, கட்டுக் கட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஞாயிறு என்று இருக்க வேண்டிய இடத்தில் சனி என்று இருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

“இப்பதான் கண்டீங்களா?” என்றார் ராத்தா, அலுமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“உங்களுக்கு எப்ப தெரிஞ்சிச்சு?”

“மொத தாள்லேயே.”

“அப்ப வாயைத் தொறந்து சொன்னா என்ன?”

“சென்னா நீங்க இந்த ஒண்டைத் திருத்துவீங்க. இனி ஒரு நாளும் திகதி பாக்காம அடிக்க மாட்டீங்க தானே, தம்பி.”

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் என் மேசையில் இருந்தது. தின்றேன். கோபம் முழுவதும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது உண்மை. அதன் பிறகு ஒரு நாளும் திகதி பார்க்காமல் அடித்ததில்லை. ஆனாலும் ஒரு செத்த வீட்டு அட்டையில் எனக்குப் பாடம் நடத்த வேண்டுமா என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றும்.

எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, ஆட்டோக்கள் சவாரிக்குக் காத்து நிற்கும் ஆட்டோ பார்க். நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டி, அதன் கீழ் பலகைப் பெட்டி வைத்து, பெட்டியின் மேல் அட்டையில் பேனையால் கீறிய கட்டங்களில் டாம் ஆடுவார்கள். சோடா மூடிகள்தான் காய்கள்; ஒருவருக்கு மல்லாந்த மூடி, மற்றவருக்குக் கவிழ்ந்த மூடி. குறுக்கே நகர்ந்து, எதிராளியின் காயைத் தாண்டி வெட்டி, கடைசி வரிசைக்குப் போனால் ராஜா. எல்லா ஊரிலும் உள்ள ஆட்டம்தான். ஆனால் எங்கள் பார்க்குக்கென்று சில சட்டங்கள் உண்டு.

முதலாவது, ஊதுவது. வெட்டக் கிடைத்தும் வெட்டாமல் விட்டால், எதிராளி அந்தக் காயைத் தூக்கி ‘பூ’ என்று ஊதி வெளியே வைத்துவிடுவார். இரண்டாவது, சவாரி, அதாவது ஹயர், வந்தால் ஆட்டத்தை நிறுத்தக்கூடாது. போகிறவனின் இடத்தில் அடுத்தவன் உட்கார்ந்து, அவன் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பார்த்துக்கொண்டு நிற்கிறவன் வாயைத் திறந்து ஒரு நகர்வைச் சொல்லிவிட்டால், அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் அவன் டீ வாங்க வேண்டும். அதற்குப் பெயர் ‘வாய்க்கு டீ’. இந்தச் சட்டத்தால் நான் எத்தனை தரம் டீ வாங்கியிருக்கிறேன் என்று கணக்கில்லை. ராத்தா ஜன்னலில் நின்று வருடக்கணக்காகப் பார்த்தார். ஒரு கோப்பை டீ வாங்கியதில்லை.

பார்க்கில் செபஸ்டியன் அண்ணனை வெல்ல ஆள் கிடையாது. எப்போதும் சுவரில் முதுகு சாய்த்து உட்காருவார். பாதி ஆட்டத்தில் வந்து உட்கார்ந்தாலும், மூடிகளைப் பார்த்தே, “இது ரிஸ்வான் கெடுத்து வச்ச ஆட்டம்தானே? அவன்தான் இப்படி அவசரப்படுவான்” என்பார். சரியாக இருக்கும். காலையிலும் பகலிலும் கொன்வென்ட் பிள்ளைகள் ஐந்து பேரை ஏற்றி இறக்குவது அவர் நிரந்தர ஹயர். அந்த ஐந்து பேரில் ஒருத்தி, மூன்றாம் தரம் படிக்கும் என் மகள்.

கணினிக்கு டாம் பழக்க வேண்டும் என்ற ஆசை ராத்தாவுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், “என்னத்துக்கு வந்திச்சுண்டு நீங்க நெனக்கிறீங்க?” என்பார். அதனால் கேட்கவில்லை.

முதலில் செபஸ்டியன் அண்ணனிடமே போய் ஆட்டத்தின் சூட்சுமங்களைக் கேட்டார். “பின்வரிசையக் கடைசி வரைக்கும் அசைக்காதீங்க. நடுவப் புடிங்க. ராஜாவுக்கு அவசரப்படாதீங்க,” என்று அண்ணனும் மனமுவந்து சொன்னார். ராத்தா அதையெல்லாம் புள்ளிகளாக்கி உள்ளே எழுதினார். அந்தக் கணினி, முந்தாநாள் பார்க்கில் சேர்ந்தவனிடம்கூடத் தோற்றது. புத்திமதி கேட்டு நடக்கிறவன் எப்படி ஆடுவானோ அப்படி ஆடியது.

மறுநாள் வந்து எல்லாவற்றையும் அழித்தார். இரண்டு வார வேலை.

“இனி அதுக்கு ஒண்டும் சொல்லப் போறதில்ல, தம்பி. காய் எப்படி நகரும், எப்படி வெட்டும், அது மட்டும்தான். மத்ததை அதுவே ஆடித் தோத்துப் படிக்கட்டும்.”

“யாரோட ஆடும்?”

“அதோடயே.”

அப்படித்தான் செய்தார். ஒரே கணினிக்குள் ஒரே ஆட்டக்காரன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தன்னோடு தானே ஆடினான். முதல் நாள் திரையில் ஓடிய ஆட்டங்களைப் பார்த்து நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். காயைக் கொண்டுபோய் எதிராளியின் வாயிலேயே வைத்தது. ராத்தா சிரிக்கவில்லை. எனக்கு விளங்கும்படி அவர் சொன்னது இவ்வளவுதான்: உள்ளே இருப்பது எண்கள். ஒவ்வொரு நிலையிலும் எந்த நகர்வுக்கு எவ்வளவு ஆசைப்பட வேண்டும் என்று சொல்லும் எண்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும், வென்றவன் பக்கத்து நகர்வுகளுக்கு ஆசை ஒரு துளி கூடும். தோற்றவன் பக்கத்துக்கு ஒரு துளி குறையும். நடுவில் எது நல்ல நகர்வு, எது கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. வென்றாயா, தோற்றாயா, அது ஒன்றுதான் பாடம்.

“ஒரு ஆட்டத்துல என்னத்தப் படிக்கும்?” என்றேன்.

“ஒண்டும் படிக்காது. அதான் ஆயிரக்கணக்குல ஆடுது. இன்னொண்டு ஈக்கு. இடைக்கிட ஒரு கிறுக்கு நகர்வும் ஆடணும். தெரிஞ்சதையே ஆடிட்டு ஈந்தா, தெரியாத நல்லது தெரியாமலே போய்டும்.” அவர் வாயில் ‘இருக்கு’ ‘ஈக்கு’ ஆகிவிடும்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, வந்து பையைக்கூட வைக்காமல் திரையைப் பார்த்தவர், “தம்பி! ஓடி வாங்க!” என்று கத்தினார். நான் ஏதோ தீப்பற்றிவிட்டது என்று ஓடினேன். “பாருங்க, பின்வரிசைய அசைக்கிறதில்ல இப்ப! நான் சொல்லவேயில்ல!” என்றார். கண் கலங்கியிருந்தது. பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைக் கண்ட தாய்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டாள்.

ஒரு பழைய லெப்டொப்பில் ஏற்றி, அது சொல்லும் நகர்வை ராத்தா அட்டையில் வைப்பதாக, பார்க்குக்குக் கொண்டுபோன முதல் நாள் மானம் போனது. இணையத்தில் இருந்த சட்டத்தை எழுதியிருந்தாரே தவிர, ஊதுகிற சட்டத்தை எழுத மறந்துவிட்டார். அண்ணன் வெட்டாமல் விட்ட காயை ஊதத் தெரியாமல் கணினி விழித்தது. ரிஸ்வான் அதன் சார்பில் தானே ‘பூ’ என்று ஊதிக் காட்ட, தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள் உருண்டு சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்துக்கொண்டே மேலே வந்து அந்தச் சட்டத்தைச் சேர்த்தார். மறுபடி ஒரு வாரம் அது தன்னோடு தானே ஆடியது. அதன் பிறகு பார்க்கில் ஒருவர் விடாமல் எல்லோரையும் வென்றது. அண்ணனை மட்டும் பத்துக்கு ஆறு, ஏழு.

அண்ணன் தோல்விக்குக் கோபப்படவில்லை. அவருடைய முறைப்பாடு வேறு.

“ராத்தா, நல்லாத்தான் ஆடுது. ஆனா எதிர்ல யாரு உக்காந்திருக்கான்னு அதுக்குத் தெரியல. ரிஸ்வானோடயும் அதே ஆட்டம், என்னோடயும் அதே ஆட்டம். ஆளத் தெரியாம ஆடுறது ஒரு ஆட்டமா?”

இந்தக் கேள்வி ராத்தாவைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பிறகு பார்க்கில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, ஒரு பழைய போனை எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டி, கீழே நடக்கும் ஆட்டங்களைப் படம் எடுத்தார். மூன்று மாதம். அண்ணன் ஆடிய ஒவ்வொரு நகர்வையும் பார்த்துப் பார்த்துக் கணினிக்குள் ஏற்றினார். நானும் மறுக்க முடியாமல் உதவி செய்தேன். இந்த நிலையில் அண்ணன் எதை நகர்த்துவார் என்று ஊகிக்கும்படி கணினிக்குள் இன்னோர் ஆட்டக்காரன் உருவானான்.

“போட்டோகொப்பி எடுக்கிறது என் தொழில், ராத்தா. நீங்க ஆளையே கொப்பி எடுக்கிறீங்க,” என்றேன்.

பிறகு பழைய ஆட்டக்காரனை அந்தக் கொப்பி அண்ணனோடு ஆயிரக்கணக்கில் ஆடவிட்டார். அதன் பின் அது நிஜ அண்ணனோடு ஆடியபோது ஒரு விநோதம் நடந்தது. மனுசன் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அவரும் வாயைப் பிளந்து, “இப்பதான் என்னைத் தெரிஞ்சு ஆடுது!” என்று சந்தோஷப்பட்டார். பார்க்கே கைதட்டியது.

ராத்தா மட்டும் கைதட்டவில்லை. வென்றால் போதாது அவருக்கு, ஏன் வென்றது என்று தெரிய வேண்டும். “எப்பவும் அண்ணன்ட இடது பக்கத்துக்கே போகுது, தம்பி. அங்க வேணுமெண்டே காயைக் கொண்டுபோய் வெட்டக் குடுக்குது. அவர் வெட்டுறாரில்ல. இது ஊதி எடுக்குது. என்னத்துக்கு இடது?”

“கேளுங்களேன் அதுகிட்ட.”

“அது சொல்லாது. எண்தானே ஈக்கு உள்ளுக்கு.”

“உங்க புள்ளதானே, வேற எப்படி இருக்கும்,” என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த வாரம் திங்கள் தொடங்கிப் புதன் வரை, ராத்தா ஆட்டத்தில் புதுப் புது விளையாட்டுக் காட்டினார். “அட்டையக் கால்வட்டம் திருப்பி வச்சு ஆடுவமா, அண்ணன்?” என்றார். டாம் அட்டையை அப்படித் திருப்பினால், கண்ணாடியில் பார்ப்பதைப் போல ஆட்டம் இடம் வலமாகிவிடும். வழக்கமாக இடது கோடியில் நடப்பதெல்லாம் வலது கோடியில் நடக்கும். அண்ணன் அதையும் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு ஆடினார். ராத்தா மேலே வந்து ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தெரிந்த குணமாயிற்றே.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும், நல்ல மழை. அலுமாரியைச் சுற்றி வந்து என் எதிரில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அவர் என் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“தம்பி, அண்ணனுக்கு இடது பக்கம் கண் தெரியல்ல.”

எனக்குப் புரியவில்லை.

“பழக்கத்துல விடுற பிழையெண்டா, அட்டையத் திருப்பினப்ப அந்தப் பிழையும் வலது பக்கம் போயிருக்கணும். போகல்ல. வலது பக்கத்துல எல்லாத்தையும் வெட்டுறாரு. எப்படித் திருப்பினாலும் இடது பக்கத்துலதான் விடுறாரு. ஆட்டம் இல்ல தம்பி. கண்.”

முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய ஆட்டோவின் இடது பக்கம். சில மாதங்களாகவே அதில் கீறலும் நசுங்கலுமாக இருந்தது. “எவனோ தேச்சிட்டுப் போயிட்டான்,” என்பார் அண்ணன். இரண்டாவதாக நினைவுக்கு வந்தது, பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம்தான் என்பது.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“சந்தேகம் திங்கக்கிழமை.”

நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்று எல்லாம் நினைவில்லை. திங்கள், செவ்வாய், புதன், இன்றைக்குக் காலை. என் பிள்ளை அந்த ஆட்டோவில் போய் வந்திருக்கிறாள், நீங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு இருந்தீர்களா என்று கத்தினேன். இதுவும் உங்களுக்கு முப்பத்தோராம் நாள் அட்டையா என்று கேட்டேன். அது வரக்கூடாத வார்த்தைதான். வந்துவிட்டது.

அவர் ஸ்கார்ஃப் முனையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். “வெறும் சந்தேகத்தை வச்சு ஒரு மனுசன்ட தொழில்ல கைவைக்கிறதாண்டு நெனச்சேன். சரியாத் தெரிஞ்சுக்குவமெண்டு நெனச்சேன்,” என்றார். பிறகு, “நான் செஞ்சது பிழை, தம்பி. மொத நாளே உங்களுக்குச் சொல்லியிருக்கணும்,” என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நேரான விடை அது. மணியைப் பார்த்தேன். கொன்வென்ட் விடுவது ஒன்றரைக்கு. இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.

தறப்பாளுக்குக் கீழே பார்க் முழுவதும் ஒடுங்கி நின்றது. சுவரில் சாய்ந்து செபஸ்டியன் அண்ணன், எதிரே ரிஸ்வான். ஆட்டம் பாதியில். அண்ணன் வலது பக்கத்து மூடியொன்றை நகர்த்தப் போனார். ராத்தா நனைந்த ஸ்கார்ஃபோடு அவர்கள் நடுவே போய் நின்றார்.

“அண்ணன், இடது பக்கத்துல வெட்டு ஈக்கு.”

ஒரு கணம் யாருக்கும் நம்ப முடியவில்லை. பிறகு, “ராத்தா வாயத் தொறந்துட்டாங்க! வாய்க்கு டீ! வாய்க்கு டீ!” என்று ஒரே கூச்சல்.

அண்ணன் குனிந்து பார்த்தார். “எங்க? இல்லையே.”

கூச்சல் அப்படியே அடங்கியது. ஏனென்றால் அந்த வெட்டு நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய கையிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது.

“உங்கட கைக்கிட்ட, அண்ணன். தலையைத் திருப்பிப் பாருங்க.”

திருப்பினார். “இது இப்ப எங்கருந்து வந்துச்சு? டேய், நீ வச்சியாடா?”

“அல்லா மேல, இல்லண்ணே,” என்றான் ரிஸ்வான். “அது முந்தியே அங்கதான் இருந்துச்சு.”

“அப்ப உங்களுக்கெல்லாம் தெரியுமா? இத்தன நாளா விடுறேன்னு தெரியுமா?”

கடைசியில் ரிஸ்வான்தான் சொன்னான்: “நீங்க பெரிய ஆட்டக்காரர்தானே. எங்களுக்கு ஒரு காய வேணும்னே விட்டுக் குடுக்கிறீங்கன்னு நெனச்சோம்.”

ராத்தா கீழே கிடந்த ஒரு சிவப்பு மூடியை எடுத்தார். “அண்ணன், நேரா அந்தக் கடை மணிக்கூட்டையே பாருங்க. கண்ண அசைக்க வாணாம். மூடி தெரியுற நேரம் சொல்லுங்க.” வலது பக்கத்திலிருந்து மூடியைக் கொண்டுவந்தார். “தெரியுது,” என்றார் உடனே. பிறகு இடது பக்கம் போய், கையைத் தாழ்த்தி, மெல்ல மெல்ல நகர்த்தினார். தோள் வந்தது. கன்னம் வந்தது. மூடி மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அண்ணன் திடுக்கிட்டு, “இப்ப தெரியுது,” என்றார்.

ராத்தா மூடியை அவர் கையில் கொடுத்தார். அண்ணன் தானே அதை வலது பக்கமும் இடது பக்கமும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எத்தனை தரம் பார்த்தாரோ. பிறகு சேர்ட் பொக்கட்டிலிருந்து ஆட்டோ சாவியை எடுத்து ரிஸ்வானிடம் நீட்டினார்.

“ஒன்றரைக்கு ஸ்கூல். அஞ்சு புள்ளைங்க. வெள்ள ரிப்பன் கட்டினது பெனடிக்ட் மக. அது கேட்டத் தொறந்ததும் ரோட்டுக்கு ஓடிரும். மொதல்ல அதோட கையப் புடிச்சுக்க.”

பெனடிக்ட் நான்தான். அண்ணனைக் கேட்பதற்கென்று படி இறங்கும்போது சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ராத்தா கடைக்குப் போய்ப் பதினான்கு பிளேன்டீ சொல்லி, தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். கடைசிக் கோப்பையை அண்ணனுடைய வலது பக்கத்தில் வைத்தார்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது கண்ணில் பழுதில்லை என்றார்கள். தலைக்குள் எப்போதோ ஒரு சின்ன இரத்த அடைப்பு வந்து போயிருக்கிறது. அதில் இரண்டு கண்ணுக்கும் இடது பக்கத்துப் பார்வை பாதி போய்விட்டது. வலியில்லாமல் போனதால் போனதே தெரியவில்லை. பெரிய அடைப்பு வருவதற்கு முன் வந்தீர்களே என்று டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். வண்டி மட்டும் இனி ஓட்டக்கூடாது. ரிஸ்வானின் தம்பி அந்த ஆட்டோவை ஓட்டுகிறான். அண்ணன் பார்க்கில் ஹயர் முறை பார்த்து அனுப்புகிறார். அவர் ஆடும்போது மட்டும் ‘இடது’ என்று சொன்னால் டீ கிடையாது என்று பார்க்கில் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். அதற்கு அவர் போட்ட சத்தம் குட்செட் வரைக்கும் கேட்டது. அந்தச் சட்டம் ஒரு நாள்தான் உயிரோடு இருந்தது.

ராத்தா போய் இரண்டு வருடமாகிறது. கட்டாரில் இருக்கும் கணவரோடு போய்ச் சேர்ந்துகொண்டார். போகும்போது அந்தப் பழைய லெப்டொப்பை என் மேசை லாச்சியில் வைத்து, “அண்ணன்ட கொப்பி உள்ளுக்கு ஈக்கு. அவர் கேட்டா குடுங்க. கேக்காட்டி ஒண்டும் சொல்ல வாணாம்,” என்றார். பஸ்ஸில் ஏறும் வரை அழமாட்டேன் என்றிருந்தேன். முடியவில்லை.

போன மாதம்தான் அண்ணன் படியேறி வந்து கேட்டார். “அந்தப் பழைய செபஸ்டியன் இன்னும் இருக்கானா, பெனடிக்ட்?”

எடுத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவர் ரோட்டைக் கடப்பவரைப் போல ஒவ்வொரு நகர்வுக்கும் முன் தலையை இடது பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். திரைக்குள் இருந்தவன் திருப்பவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லையே. அவனுடைய இடது பக்கத்தில் வெட்டு வந்தது, விட்டான். அண்ணன் சிரித்துக்கொண்டே ஊதினார். மறுபடி வந்தது, மறுபடி விட்டான். ஊதினார். சிரிப்புக் குறைந்தது. வென்றார், திரும்பவும் ஆடினார், திரும்பவும் வென்றார். பிறகு ஓர் ஆட்டத்தில், ஊத வேண்டிய விரலை விசைக்கு மேலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“டேய்,” என்றார் திரையைப் பார்த்து, மிக மெல்ல. “இடது பக்கம் பாருடா.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “வாயத் தொறந்துட்டேன். கீழ எத்தன பேரு நிக்கிறாங்கன்னு பாரு. எல்லாருக்கும் டீ சொல்லு.”

அன்றைக்கே ராத்தாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அந்தப் பழைய குரல் வந்தது.

“தம்பி, எத்தனாவது ஆட்டத்துல சென்னாரு?”

எனக்குத் தெரியும். ஐந்தாவது ஆட்டம்.

“நீங்களே வந்து கண்டுபிடிங்க, ராத்தா,” என்றேன்.